எடுத்து வைத்த மக்காச்சோள விதை ஏன் ஏமாற்றுகிறது? சின்னசேலம் வயல்களில் ஓர் இனப்பெருக்கப் பாடம்

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் நெடுஞ்சாலையில் ஆத்தூர், தலைவாசல் தாண்டினால் சின்னசேலம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் ஒரு பக்கம் மக்காச்சோளம், இன்னொரு பக்கம் மரவள்ளி, நடுநடுவே பருத்தி, கரும்பு என மாறி மாறி வரும். வடமேற்கே கல்வராயன் மலை. வீட்டு வாசலில் கட்டிக்கிடக்கும் கறவை மாடு.

இந்த ஊர் விவசாயிகள் பலரும் ஒரு முறையாவது கேட்ட கேள்வி இது: "போன வருஷம் நல்லா விளைஞ்ச மக்காச்சோளத்துல இருந்தே விதை எடுத்து வச்சா என்ன? ஏன் வருஷா வருஷம் கம்பெனி விதை வாங்கணும்?"

சிலர் எடுத்து வைத்தும் பார்த்திருக்கிறார்கள். விதை முளைக்கிறது, பயிரும் வருகிறது. ஆனால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒரு கதிர் முழங்கை நீளம், பக்கத்துக் கதிர் கட்டைவிரல் அளவு. மகசூல் இறங்கிவிடுகிறது. "விரை ஒன்று போட சுரை ஒன்று முளைக்குமா?" என்பது பழமொழி. இங்கே போட்டதுதான் முளைத்தது, ஆனாலும் போட்ட மாதிரி வரவில்லை.

இதற்குப் பதில் விதைக் கடையில் இல்லை. தாவரங்களும் விலங்குகளும் பாலினப் பெருக்கம் செய்யும் விதத்தில் இருக்கிறது.

சுருக்கமாக

• பாலினப் பெருக்கம் நகல் எடுப்பதில்லை. அம்மாவின் பாதியையும் அப்பாவின் பாதியையும் கலந்து புதிதாக ஒன்றை உருவாக்குகிறது.
• மக்காச்சோளம், பருத்தி, மாடு, மனிதன் என எல்லாவற்றிலும் அடிப்படை இதுதான்.
• மரவள்ளியையும் கரும்பையும் குச்சி, கரணை வைத்து நடுகிறோம். அது பாலிலா இனப்பெருக்கம், அச்சு அசல் நகல்.
• ஹைபிரிட் விதை மலட்டு விதை அல்ல. அது முளைக்கும். ஆனால் அடுத்த தலைமுறையில் கலவை மாறிவிடும்.

பாலினப் பெருக்கம் என்றால் என்ன?

எந்த உயிரின் செல்லை எடுத்தாலும் உள்ளே குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். மனிதனுக்கு 46, மாட்டுக்கு 60, மக்காச்சோளத்துக்கு 20, நாம் அதிகம் பயிரிடும் பருத்திக்கு 52. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது.

இனச்செல் உருவாகும்போது, அதாவது விந்தணு, மகரந்தம், முட்டை உருவாகும்போது, இந்த ஜோடிகள் பிரிந்து பாதியாகின்றன. பள்ளிப் புத்தகத்தில் படித்த குன்றல் பகுப்பு, அதாவது மியாசிஸ், இதுதான். மாட்டின் 60 குரோமோசோம் 30 ஆகிறது, மக்காச்சோளத்தின் 20 பத்தாகிறது. பிறகு ஆணின் பாதியும் பெண்ணின் பாதியும் சேரும்போது எண்ணிக்கை மறுபடி முழுதாகிறது. அந்தச் சேர்க்கைதான் கருவுறுதல்.

கவனிக்க வேண்டியது, பாதியாகும் விதம். ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் எது போகும் என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. 10 ஜோடி உள்ள மக்காச்சோளச் செடியில் இந்தக் குலுக்கலால் மட்டும் 1,024 வகை மகரந்தம் உருவாக முடியும். மனிதனுக்கு 23 ஜோடி, கணக்குப் போட்டால் சுமார் 84 லட்சம் வகை. ஜோடிக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதையும் சேர்த்தால் எண்ணிக்கைக்கு அளவே இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி ஒரே மாதிரி இல்லாததற்குக் காரணம் இதுதான்.

மக்காச்சோளத்தில் ஆண் எது, பெண் எது?

பனையில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. மக்காச்சோளம் அப்படியில்லை. ஒரே செடியில் இரண்டும் உண்டு, ஆனால் வேறு வேறு இடத்தில். செடியின் உச்சியில் விரிந்து நிற்கும் பூங்கொத்து ஆண். நடுத்தண்டில் இலையிடுக்கில் வரும் கதிர் பெண்.

கதிரின் நுனியில் பட்டு நூல் மாதிரி தொங்குகிறதே, குழந்தைகள் தாடி வைத்து விளையாடும் அந்த முடி, அதுதான் பெண் பூவின் சூல்முடி. ஒவ்வொரு முடியும் கதிருக்குள் இருக்கும் ஒரே ஒரு சூலோடு இணைந்திருக்கிறது. ஒரு முடிக்கு ஒரு மணி, அவ்வளவுதான் கணக்கு.

உச்சியில் இருந்து லட்சக்கணக்கான மகரந்தத் துகள்கள் காற்றில் உதிரும். ஒரு துகள் முடியில் ஒட்டியதும் அதிலிருந்து நுண்ணிய குழாய் ஒன்று முளைத்து, அந்த முடிக்குள்ளேயே சூல் வரை வளர்ந்து போகும். இதற்குச் சுமார் ஒரு நாள் ஆகும். அந்தக் குழாய் வழியாக இரண்டு ஆண் இனச்செல்கள் போகின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. இன்னொன்று வேறு இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து, கருவுக்குச் சாப்பாடாக இருக்கும் மாவுப் பகுதியாகிறது. பூக்கும் தாவரங்களுக்கே உரிய இரட்டைக் கருவுறுதல் இது. இதை 1898-ல் ரஷ்யாவின் செர்ஜி நவாஷின் கண்டுபிடித்தார். நாம் வேகவைத்துத் தின்னும் சோளத்தின் பெரும்பகுதி இந்த இரண்டாவது சேர்க்கையில் வந்ததுதான்.

கதிரில் 'பல் விழுவது' ஏன்?

சில கதிர்களை உரித்தால் நடுவில் மணி இல்லாமல் பொக்கையாக இருக்கும். அந்த இடத்து முடிகளுக்கு மகரந்தம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பூக்கும் சமயத்தில் மழை பொய்த்தால் கதிரில் முடி வெளியே வருவது தாமதமாகும். அதற்குள் உச்சியில் மகரந்தம் உதிர்ந்து தீர்ந்திருக்கும். கடும் வெயிலில் மகரந்தம் சீக்கிரமே செத்தும் போகும். மானாவாரி மக்காச்சோளத்தில் மற்ற நாட்களைவிடப் பூக்கும் நாட்களில் தண்ணீர் முக்கியம் என்று வேளாண் துறை சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சில நாள் சங்கதி.

சரி, ஹைபிரிட் விதை எப்படி உருவாகிறது?

முதலில் ஒரு மக்காச்சோள வகையை அதன் மகரந்தத்தாலேயே திரும்பத் திரும்பக் கருவுறச் செய்கிறார்கள். பல தலைமுறை கடந்ததும் ஜோடியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடும். செடி குட்டையாக, நோஞ்சானாகத் தெரியும். இப்படி இரண்டு தனித்தனி வரிசைகளை உருவாக்கி, ஒன்றை அப்பாவாகவும் இன்னொன்றை அம்மாவாகவும் வைத்துக் கலக்கிறார்கள். அம்மா வரிசைச் செடிகளின் உச்சிப் பூவை மகரந்தம் உதிரும் முன்பே பிடுங்கிவிடுவார்கள். அப்போது அதற்குக் கிடைப்பது அப்பா வரிசையின் மகரந்தம் மட்டுமே.

இரண்டு நோஞ்சான்களுக்குப் பிறந்த பிள்ளை இரண்டையும் மிஞ்சி ஓங்கி வளர்கிறது. இதுதான் கலப்பின வீரியம். அமெரிக்காவின் ஜார்ஜ் ஷல் 1908-ல் மக்காச்சோளத்தில் இதை விளக்கினார். கடையில் வாங்கும் பையில் இருப்பது இந்த முதல் தலைமுறை, அதாவது எஃப்-1 விதை.

அடுத்த வருஷம் என்ன ஆகிறது?

அப்பாவிடமிருந்து வந்த ஒரு மரபணுவை 'அ' என்றும், அம்மாவிடமிருந்து வந்ததை 'ஆ' என்றும் வைத்துக்கொள்வோம். பையில் உள்ள எல்லா விதையும் 'அஆ'. அதனால்தான் வயலே அளந்து வெட்டியது மாதிரி ஒரே உயரத்தில் நிற்கிறது.

இந்தச் செடிகள் பூக்கும்போது பாதி மகரந்தத்தில் 'அ' இருக்கும், பாதியில் 'ஆ' இருக்கும். முட்டையிலும் அப்படியே. இவை கலந்து உருவாகும் மணிகளில் கால் பங்கு 'அஅ', கால் பங்கு 'ஆஆ', பாதி மட்டும் பழையபடி 'அஆ'. மெண்டல் 1866-ல் பட்டாணிச் செடியை வைத்து வெளியிட்ட கணக்கு இதுதான்.

இது ஒரு மரபணுவுக்கு. மக்காச்சோளத்தில் ஆயிரக்கணக்கில் மரபணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இந்தக் குலுக்கல் நடக்கும்போது, சராசரியாகப் பாதி இடங்களில் கலப்பு போய்விடுகிறது. கலப்பு போனால் அதோடு வந்த வீரியமும் போகிறது. செடிகளும் ஆளுக்கொரு உயரமாகின்றன.

அதாவது, உங்கள் வயலில் அறுக்கும் கதிரில் உள்ள மணியே அந்த மாறிப்போன அடுத்த தலைமுறைதான். தானியமாக விற்கும்போது, கோழித்தீவனத்துக்கு அரைக்கும்போது அதனால் எந்த நஷ்டமும் இல்லை. விதையாகப் போடும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது.

பருத்தியில் விரலால் நடக்கும் மகரந்தச்சேர்க்கை

பருத்திப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள். வெளிர்மஞ்சளாகக் காலையில் மலரும் பூ மறுநாள் ரோஸ் நிறமாகிவிடும். மகரந்தம் ஏற்கும் வேலை பெரும்பாலும் அந்த முதல் நாளிலேயே முடிந்துவிடும். அனேகமாகத் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். அப்படியானால் ஹைபிரிட் பருத்தி விதையை எப்படி எடுப்பது?

கையால்தான். மறுநாள் மலரப்போகும் மொட்டை முந்தைய நாள் சாயங்காலமே தேர்ந்தெடுத்து, நகத்தால் இதழோடு சேர்த்து மகரந்தப் பைகளை உரித்து எடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் சூல்முடியில் கீறல் படக்கூடாது. மறுநாள் காலையில் அப்பா வரிசைச் செடியின் பூவைப் பறித்து வந்து, அதன் மகரந்தத்தை அந்தச் சூல்முடியில் தடவ வேண்டும். ஒரு பூவுக்கு இரண்டு முறை கை வேலை. கிடைப்பது ஒரு காய், அதில் இருபது முப்பது விதை. இப்படி ஒரு வயலில் ஆயிரக்கணக்கான பூக்கள், பல வாரங்கள்.

வணிகரீதியாக உலகின் முதல் ஹைபிரிட் பருத்தியான எச்-4, 1970-ல் குஜராத்தின் சூரத்தில் சி.டி.பட்டேல் உருவாக்கியது. கூலி அதிகமுள்ள நாடுகளில் கையால் இப்படி விதை எடுப்பது கட்டுப்படியாகாது. இந்தியாவில் முடிந்ததற்குக் காரணம், குறைந்த கூலிக்குக் கிடைத்த பெண்களின் கைகள். சேலம், கள்ளக்குறிச்சி வட்டாரமும் இந்த விதை உற்பத்தி நடக்கும் பகுதிகளில் ஒன்று.

இதில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. ஆந்திரா, குஜராத், கர்நாடகா, தமிழ்நாடு என இந்த வேலை நடந்த மாநிலங்களில் பள்ளிக்குப் போக வேண்டிய சிறுமிகளும் பருத்திப் பூவில் மகரந்தம் தடவிக்கொண்டிருந்ததை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. "சின்ன விரல், பூவுக்கு அடிபடாது" என்பது சொல்லப்பட்ட சாக்கு. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை எந்த வேலையிலும் கூலிக்கு வைக்கக்கூடாது. குழந்தை வேலை செய்வதைப் பார்த்தால் 1098 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

மரவள்ளி, கரும்பு: நகல் எடுக்கும் பயிர்கள்

மரவள்ளிக்கு யாரும் விதை போடுவதில்லை. போன வருஷச் செடியின் தண்டை வெட்டிக் குச்சியாக நடுகிறோம். கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைகளுக்குப் போகும் கரும்பும் கரணையிலிருந்து வந்ததுதான். இங்கே ஆண் பெண் சேர்க்கை இல்லை, குலுக்கல் இல்லை. தாய்ச்செடி எப்படியோ பிள்ளையும் அப்படியே.

"அப்ப இதுதானே நல்லது? நல்ல செடி கிடைச்சா அதையே நகல் எடுத்துக்கலாமே" என்று தோன்றும். லாபம் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. எல்லாச் செடியும் ஒரே மாதிரி என்றால் ஒன்றைச் சாய்க்கும் நோய் எல்லாவற்றையும் சாய்க்கும். மரவள்ளி இலையில் மஞ்சள் திட்டாக வரும் தேமல் நோய் ஒரு வைரஸ். வெள்ளை ஈயும் பரப்பும், நோய் பிடித்த செடியின் குச்சியும் பரப்பும். நகல் எடுக்கும்போது நோயையும் சேர்த்து நகல் எடுக்கிறோம்.

பாலினப் பெருக்கம் ஏன் இருக்கிறது என்பதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் முக்கியமான விளக்கங்களில் ஒன்று இதுதான். கிருமி மாறிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகளும் ஆளுக்கொரு விதமாக இருந்தால் எல்லாரும் ஒரே நோயில் சாக மாட்டார்கள், யாராவது தப்புவார்கள்.

இந்த இரண்டு வழியையும் சேர்த்துப் பயன்படுத்தியதுதான் கோவையின் வெற்றிக் கதை. 1912-ல் தொடங்கிய கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் பயிர்க்கரும்பைக் காட்டுக்கரும்போடு கலந்தார்கள். அதில் வந்த கோ-205 ரகம் 1918-ல் வெளியானது. பூவில் கலந்து புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது, பிறகு கரணையில் லட்சக்கணக்கில் நகல் எடுப்பது. மரவள்ளிக்கும் இதே வழிதான். ஆத்தூர் பக்கம் ஏத்தாப்பூரில் இதற்கென்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

விலங்குகளில் எப்படி?

பாதி பாதியாகச் சேரும் கணக்கு அதேதான். வித்தியாசம், துணையைத் தேடிப் போக விலங்குக்குக் கால் இருக்கிறது, இறக்கை இருக்கிறது. தவளையும் பெரும்பாலான மீன்களும் முட்டையையும் விந்தையும் தண்ணீரிலேயே விடும், கருவுறுதல் உடலுக்கு வெளியே நடக்கும். பூச்சி, கோழி, மாடு, மனிதனுக்கு உடலுக்குள்ளே.

படைப்புழு: 2018-ல் இந்தியாவுக்குள் வந்து மக்காச்சோள விவசாயிகளைக் கதறவிட்ட அமெரிக்கன் படைப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, கொத்துக்கு நூறு, இருநூறு என ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடும். பெண் பூச்சி இரவில் ஒரு வாசனையை வெளியிட்டு ஆணைக் கூப்பிடும். வயலில் தொங்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் இருப்பது அந்த வாசனையின் செயற்கை வடிவம். பெண்ணைத் தேடி வரும் ஆண் அதில் மாட்டும். எத்தனை மாட்டுகிறது என்பதை வைத்துப் பூச்சி வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

கறவை மாடு: பசு சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். கத்தும், மற்ற மாட்டின் மேல் தாவும், கண்ணாடி மாதிரி வழும்பு ஒழுகும். இந்த அறிகுறி சில மணி நேரங்களே இருக்கும். காலையில் தெரிந்தால் சாயங்காலம், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை சினை ஊசி போட வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது, முட்டை வெளிவரும் நேரத்துக்கு விந்தணு உள்ளே தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக. மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜனில் உறைந்திருந்த விந்துதான் அந்த ஊசியில் வருவது. சினை பிடித்தால் சுமார் 280 நாளில் கன்று. தவறவிட்டால் அடுத்த 21 நாளுக்குத் தீவனச் செலவு மட்டும்தான்.

மக்காச்சோளக் கதை மாட்டிலும் உண்டு. நாட்டு மாட்டையும் ஜெர்சியையும் முதல் முறை கலந்தபோது பிறந்த கிடேரி நன்றாகக் கறந்திருக்கும். கலப்பினப் பசுவுக்குக் கலப்பினக் காளையே அப்பா என்றால், அடுத்த தலைமுறையில் சராசரிப் பால் இறங்குவது வழக்கம். அதே குலுக்கல், அதே வீரிய இழப்பு.

கன்று கிடேரியா காளையா? பசுவின் எல்லா முட்டையிலும் எக்ஸ் குரோமோசோம்தான். விந்தணுவில் எக்ஸும் இருக்கலாம், ஒய்யும் இருக்கலாம். எக்ஸ் சேர்ந்தால் கிடேரி, ஒய் சேர்ந்தால் காளை. மனிதருக்கும் இதே விதிதான். பெண் குழந்தை பிறந்ததற்காக அம்மாவைக் குறை சொல்லும் பேச்சுக்கு அறிவியலில் இடமே இல்லை.

கடை முட்டை: சேவல் சேராமலும் பெட்டைக் கோழி முட்டையிடும். பண்ணையில் இருந்து கடைக்கு வருவது அப்படிக் கருவுறாத முட்டை. எத்தனை நாள் அடைகாத்தாலும் குஞ்சு பொரியாது.

அப்படியானால் எந்த விதையை எடுத்து வைக்கலாம்?

நெல், நிலக்கடலை, உளுந்து, கல்வராயன் மலையில் விளையும் சாமை, தினை போன்றவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுபவை. பல தலைமுறையாக ஜோடியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிட்டதால் குலுக்கினாலும் அதே சீட்டுதான் வரும். இவற்றில் ஹைபிரிட் அல்லாத ரகமாக இருந்தால் நல்ல கதிரைத் தேர்ந்தெடுத்து, பிற ரகம் கலக்காமல் விதைக்கு வைக்கலாம். மலைக்கிராமங்களில் சாமை விதை தாத்தா காலத்திலிருந்து கைமாறி வர முடிந்தது இதனால்தான்.

சட்டம் தடுக்கிறதா? இல்லை. 2001-ம் ஆண்டு பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவு, விளைச்சலில் இருந்து விதையை எடுத்து வைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. கம்பெனி பிராண்ட் பெயர் போட்ட விதையாக விற்கத்தான் கூடாது. இரண்டாம் தலைமுறையில் முளைக்காமல் செய்யும் 'டெர்மினேட்டர்' தொழில்நுட்பம் கொண்ட ரகத்தைப் பதிவு செய்யவும் அதே சட்டம் இடம் தரவில்லை.

ஆக, ஹைபிரிட் விதையை எடுத்து வைப்பதைத் தடுப்பது கம்பெனியோ சட்டமோ அல்ல, பூவுக்குள் நடக்கும் குலுக்கல்.

விதை வாங்கும்போது என்ன பார்க்கணும்?

• பையில் ஹைபிரிட், எஃப்-1, வீரிய ஒட்டு என்று இருந்தால் அது ஒரு பட்டத்துக்கு மட்டும். ரகம் என்றால் எடுத்து வைக்கலாம்.
• ரசீது கட்டாயம் வாங்குங்கள். அதில் குவியல் எண், அதாவது லாட் நம்பர் இருக்க வேண்டும். காலிப் பையையும் அறுவடை வரை தூக்கிப் போடாதீர்கள். விதையில் கோளாறு என்றால் புகார் கொடுக்க இவைதான் ஆதாரம்.
• மரவள்ளிக் குச்சியை இலையில் தேமல் இல்லாத செடியிலிருந்து மட்டும் வெட்டுங்கள். இலை இருக்கும்போதே நல்ல செடிகளை அடையாளம் வைத்துவிடுவது நல்லது.
• மக்காச்சோளத்தில் உச்சிப் பூ வந்ததில் இருந்து கதிர் முடி காயும் வரை, முடிந்தால் ஒரு தண்ணீராவது விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை வேகவைத்த சோளக்கதிர் ஒன்றை வாங்கினால் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு முடி இருந்தது, ஒவ்வொரு முடியிலும் ஒரு மகரந்தத் துகள் இறங்கி வந்தது. ஒரே கதிரில் இருந்தாலும் அவை எல்லாம் தனித்தனிப் பிள்ளைகள்.